என் காலடிகளை எதிர்த்து ஒரு மறியல்

மே தினத்துக்கு மறுநாள் விடியற்காலையில் என்னுடைய காலடிகள் என்னைக் கட்டிலிலேயே விட்டுவிட்டுத் தனியாக ஓடப் போயின. போனது எனக்கு அன்றைக்குத் தெரியாது. எழுந்து இடது காலைத் தரையில் ஊன்றியதும் குதிகாலுக்குள் யாரோ ஆணி இறக்கியதைப் போல வலித்ததும், சுவரைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் கட்டிலில் உட்கார்ந்ததும்தான் எனக்குத் தெரியும்.

எங்கள் ஊரில் நூற்பாலை இருந்தவரைக்கும், காலை ஷிப்டுக்குச் சங்கு ஊதும் முன்பே நான் மில் கேட்டில் நிற்பேன், கையில் நோட்டீஸ் கட்டும் தொண்டையில் முழக்கமுமாக. மழை பெய்தாலும் நிற்பேன், காய்ச்சல் அடித்தாலும் நிற்பேன், கைதாகி வெளியே வந்த மறுநாளும் நிற்பேன். பள்ளிக்கூடத்தில் நான் படித்தது கொஞ்சம். பிறர் எழுதிய நோட்டீஸ்களை எழுத்துக் கூட்டிப் படித்தும், பிறகு நானே எழுதியும்தான் தமிழையும் உலகத்தையும் கற்றேன். பிறகு மில்லை மூடினார்கள். சங்கு நின்றது, கேட்டைக் கழற்றி எடைக்குப் போட்டார்கள், தோழர்கள் சிலர் திருப்பூருக்குப் போனார்கள், சிலர் எதிர்க்கட்சிக்குப் போனார்கள், சிலர் மண்ணுக்குள் போனார்கள். ஆனால் என் உடம்புக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. சங்கு ஊதும் நேரத்துக்கு அது விழித்துக்கொண்டது. போவதற்குக் கேட் இல்லை. அதனால் ஓடினேன்.

ஓடியது மில் மைதானத்தில். சுற்றுவட்டாரமெல்லாம் கரிசல், அந்த இடம் மட்டும் செம்மண், தொழிலாளர் விளையாட்டு விழாவுக்கென்று முதலாளி ஒரு காலத்தில் லாரி லாரியாகக் கொட்டியது. மில்லோடு சேர்த்து அதையும் மனையாகப் பிரித்து விற்கப் பார்த்தபோது, அளக்க வந்த ஜீப்புக்கு முன்னால் படுத்து மறியல் செய்து அதை ஊருக்கென்று வாங்கிக் கொடுத்தவன் நான். மைதான வாசலில் ஒரு கல் இருக்கிறது. திறந்துவைத்தவர்கள், முன்னிலை வகித்தவர்கள், வாழ்த்தியவர்கள் பெயரெல்லாம் அதில் இருக்கிறது. சொர்ணலிங்கம் என்ற என் பெயர் இல்லை.

வெறுங்காலோடுதான் ஓடினேன். நடக்க ஒரு ஷூ, ஓட ஒரு ஷூ என்று விற்பது கம்பெனிக்காரர்களின் சூழ்ச்சி என்று நானே ஒரு நோட்டீஸ் போட்டிருந்தேன். அந்த மே தினத்தன்று, பழைய கேட் இருந்த இடத்தில் கொடியேற்ற நானும் கொடியும் மட்டும்தான் வந்திருந்தோம். ஏற்றினேன், முழக்கத்தை நானே சொன்னேன், அதற்குப் பதில் முழக்கத்தையும் நானே சொன்னேன், பிறகு மைதானத்துக்குப் போய் வெயில் உச்சிக்கு வரும்வரை ஓடினேன். கோபத்தில் ஓடுகிறவனுக்குச் சுற்றுக் கணக்குத் தெரியாது.

காலடிகளை முதலில் பார்த்தது இடியாப்பக்காரி மாரிக்கனி. தூக்குச்சட்டியைச் சைக்கிளில் கட்டி மைதானத்தைக் குறுக்கே கடந்தபோது, ஆள் இல்லாமல் ஒரு ஜோடிப் பாதம் செம்மண்ணில் மாறி மாறிப் பதிந்தபடி தன் முன்சக்கரத்தைத் தாண்டிப் போவதைக் கண்டாள். மணியடித்தாள், ஒதுங்கி வழிவிட்டாள், வியாபாரத்துக்கு நேரமாகிவிட்டதால் போய்விட்டாள். “மில்லு மைதானத்துல யாரோ காலு மட்டும் ஓடிக்கிட்டுக் கெடக்கு” என்று இடியாப்பத்தோடு சேர்த்து வீட்டுக்கு வீடு சொன்னாள். கேட்டவர்கள் தேங்காய்ப்பால் கொஞ்சம் கூட ஊற்றச் சொன்னார்கள்.

எங்கள் ஊர்க்காரர்கள் எதையும் சீக்கிரம் பழகிக்கொள்கிறவர்கள். மில் மூடியதையே ஒரே தீபாவளியில் பழகிக்கொண்டவர்களுக்குக் காலடிகள் பெரிய காரியமில்லை. பால்காரர்கள் காலடிகள் மூன்றாவது சுற்றில் இருக்கும்போது கிளம்பினால் சரியாக இருக்கும் என்று கணக்கு வைத்துக்கொண்டார்கள், கல்யாணம் நிச்சயமானவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள், பிள்ளை நடக்கத் தாமதமாகிறதென்று கவலைப்பட்டவர்கள் அந்த மண்ணை எடுத்துப் பிள்ளையின் காலில் பூசினார்கள், நகராட்சி சுண்ணாம்புக் கோடு போட்டது. காப்பீட்டு முகவர் தனுஷ்கோடி, எதிலும் கூட்டம் சேர்க்கத் தெரிந்தவர், ஒரு விடியற்காலையில் தன் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டுக் காலடிகளுக்குப் பின்னால் ஓடினார். மறுநாள் அவர் பின்னால் பத்துப் பேர் ஓடினார்கள். அடுத்த வாரம் தெருத்தெருவாக வந்தார்கள். வெறுங்காலுக்குப் பின்னால் ஷூ போட்டு ஓடுவது மரியாதை இல்லை என்று தனுஷ்கோடி சொல்ல, சன்னிதிக்கு வெளியே விடுவதைப் போல வாசலில் எல்லாரும் செருப்பை விட்டார்கள். காலடியை மிதிக்கக் கூடாது, முந்தக் கூடாது, ஓரமாகப் பின்னால்தான் ஓட வேண்டும் என்றும் விதி வந்தது.

இதையெல்லாம் நான் என் அறையில் இருந்து கேள்விப்பட்டேன். என் வீடு மைதானத்தின் கிழக்குச் சுவருக்கு அந்தப் பக்கம். விடியும் நேரத்தில் நூற்றுக்கணக்கான கால்கள் மண்ணில் விழும் சத்தம் சுவர் வழியாக வந்து என் கட்டிலை ஆட்டும். ஒவ்வொரு நாளும் அந்தச் சத்தம் தொடங்கும்போதுதான் என் குதிகாலில் வலியும் தொடங்கியது. சத்தம் ஓய்ந்த பிறகுதான் அதுவும் ஓய்ந்தது.

நொண்டி நொண்டி மருந்துக்கடை மாடியில் இருக்கும் பிசியோதெரபிக்காரப் பெண்ணிடம் போனேன். பிரிசில்லா என்று பெயர், நாசரேத்துப் பக்கம்.

“எப்பருந்து சார் வலிக்கு?”

“சார் வேண்டாம். தோழர்னு கூப்பிடும்மா.”

“சரிங்க சார். காலைல முதல் அடி வைக்கும்போதுதான் ரொம்ப வலிக்கா?”

குதிகாலில் இருந்து விரல் வரைக்கும் பாதத்துக்கு அடியில் ஒரு நார்ப்பட்டை ஓடுகிறது, ஒரே நாளில் அளவுக்கு மீறி ஓடியதில் அது புண்ணாகிவிட்டது, ஒரு மாதத்துக்காவது ஓட்டம் கூடாது, பிறகு தோதான ஷூ இல்லாமல் ஓடவே கூடாது என்றாள். எந்த ஷூ தோது என்று பார்க்க, பாதத்தை நனைத்து ஒரு பழுப்புக் காகிதத்தின்மேல் நிற்கச் சொன்னாள். நின்றேன். இறங்கினேன். காகிதம் காய்ந்து கிடந்தது. என் பாதத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, காகிதத்தில் ஒரு சொட்டு இல்லை.

பிரிசில்லா காகிதத்தைத் திருப்பிப் பார்த்தாள். “பதியலையே சார். வெளிய போயிருக்கு போல. மைதானத்துல ஓடுதுங்களே, அது உங்களோடதா?”

எனக்கு அப்போதுதான் புரிந்தது. குளித்துவிட்டு வந்தால் சிமெண்டுத் தரையில் ஈரத்தடம் இல்லாததை நான் கவனித்திருந்தேன். வெயிலில் சீக்கிரம் காய்கிறது என்று நினைத்திருந்தேன்.

“அது ஓடுற வரைக்கும் உங்களுக்குக் குணமாகாது. நீங்க படுத்திருந்தாலும் உங்க கால் ஓய்வெடுக்கல. இப்படியே போனா அந்த நார் அறுந்துரும், அப்புறம் ஊன்ற முடியாது. வீட்டுல யாரு சார் இருக்கா?”

“நான் இருக்கேன்.”

“வேற?”

“அதான் சொன்னேனே, நான் இருக்கேன்.”

“அப்ப சீக்கிரம் கூட்டிட்டு வாங்க சார், அத.”

நான் கூட்டிவரவில்லை. ஏன் என்று கேட்பவர்கள் வாழ்நாளில் ஒரு ஊர்வலத்தையும் நடத்தியிராதவர்கள். காவல்துறை அனுமதி வாங்கி, ஒலிபெருக்கி கட்டி, வீடு வீடாகக் கதவைத் தட்டி, கடைசியில் கொடிபிடிக்க ஆள் போதாமல் ஒரே ஆள் இரண்டு கொடி பிடித்து நடந்த ஊர்வலங்களின் முன்னால் நான் நடந்திருக்கிறேன். இப்போது நான் கூப்பிடாமல், நோட்டீஸ் அடிக்காமல், ஊரே எழுந்து என் காலடிக்குப் பின்னால் ஓடுகிறது. கிழக்குச் சுவரை ஒட்டிக் கட்டிலை நகர்த்திப் போட்டுக்கொண்டு, வலியில் போர்வையைக் கடித்தபடி, அந்தச் சத்தத்தைக் கேட்டேன். கேட்கக் கேட்க ஆசை அடங்கவில்லை. கால் போனால் போகட்டும் என்றுதான் இருந்தேன்.

அப்படியே இருந்திருப்பேன். மறுமுறை பிரிசில்லாவிடம் போனபோது மாடிப்படியில் இடமில்லை. படிக்கு இரண்டு பேராக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவருக்கு முட்டி, ஒருவருக்கு முழங்காலுக்குக் கீழ் முன்னெலும்பு, ஒருத்திக்குக் கெண்டைக்கால் வீங்கிப் பாவாடை நாடாவால் கட்டியிருந்தது. மாரிக்கனி சைக்கிளை மிதிக்க முடியாமல் தள்ளிக்கொண்டே வந்திருந்தாள். அவள் வியாபாரம் அரைத்தெருவோடு நின்றுபோயிருந்தது.

“எல்லாருக்கும் இடது கால்தான் சார்,” என்றாள் பிரிசில்லா. “உங்க காலடி இடது குதிகால ஊன்றாம ஓடுதுல்லா? வலி. அதப் பாத்து எல்லாரும் அப்படியே குதிகாலத் தூக்கிட்டு ஓடுறாங்க. அதுதான் முறைன்னு தனுஷ்கோடி சார் சொல்லிட்டாராம். பள்ளிக்கூடத்துலயும் அப்படித்தான் ஓடச் சொல்லிக் குடுக்காங்க. வெறுங்கால் வேற.”

வீட்டுக்கு வந்து, பல வருஷங்களுக்குப் பிறகு ஒரு நோட்டீஸ் எழுதினேன். ஓடும் பெருமக்களே! உங்கள் முன்னால் ஓடும் காலடி சொர்ணலிங்கமாகிய என்னுடையது, அது நோயுற்ற காலடி, அதைப் பார்த்து நொண்டாதீர்! வலித்தால் நில்லுங்கள், வலியோடு ஓடுவது வீரம் அல்ல! ஷூ அணிந்து ஓடுங்கள், ஷூவுக்கு எதிரான என் பழைய நோட்டீஸ் இத்துடன் ரத்து! இப்படிப் போகும் அது. அச்சடித்து, மைதான வாசலில் செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் நின்று, கைக்குக் கை கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்கள். எங்கள் ஊரில் நோட்டீஸ் வேண்டாமென்று யாரும் சொல்லமாட்டார்கள்.

தனுஷ்கோடி மட்டும் படித்தார். காலடி படம் போட்ட பனியன் அணிந்திருந்தார்.

“என்ன அண்ணாச்சி, இது ஒங்க காலுங்கியளா?”

“என் காலுதான்.”

“நேத்து கவுன்சிலரும் தன் காலுன்னாரு. முந்தாநாளு ஒரு சாமியாரு வந்தாரு, அவரும் தன் காலுன்னாரு. நீங்க மூணாவது. எங்க, இந்த மண்ணுல ஒரு மிதி மிதிங்க பாப்போம், அளந்துருவோம்.”

மிதித்தேன். கால் எடுத்தேன். மண் அப்படியே இருந்தது.

தனுஷ்கோடி சிரித்தார். “ஒங்களுக்குக் காலடியே கெடையாதே அண்ணாச்சி! இல்லாத காலடி எப்படி ஒங்களோடதா இருக்கும்?”

சுற்றி நின்றவர்கள் அதை நியாயம் என்று ஒத்துக்கொண்டார்கள்.

பேச்சுவார்த்தை முறிந்தால் என்ன செய்வதென்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மறுநாள் வெளுக்கும் நேரத்தில், சலவை செய்த வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, குச்சி ஊன்றி, மைதானத்தின் மேற்கு வளைவுக்குப் போய்ச் சுண்ணாம்புக் கோட்டின் நடுவில் நின்றேன். ஊர்வலத்துக்கு முன்னால் நடக்கிறவன் ஊர்வலத்தின் முகத்தைப் பார்ப்பதில்லை. திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது நான் வைத்திருந்த ஒழுங்கு. முன்னால் போகிறவன் திரும்பிப் பார்த்தால் பின்னால் வருகிறவர்கள் கூட்டம் குறைவு என்று தெரிந்துகொள்வார்கள். அன்றைக்குத்தான் முதன்முதலாக ஒரு ஊர்வலத்தை எதிரில் நின்று பார்த்தேன். ஆசிரியர்கள் வந்தார்கள், தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கும் பெண்கள் வந்தார்கள், கவுன்சிலர் வந்தார், பழைய மில்காரர்கள் வந்தார்கள், மே தினக் கொடியேற்றத்துக்கு வராமல் உடம்பு சரியில்லை என்று சொல்லியனுப்பிய தோழர்கள் இரண்டு பேரும் வந்தார்கள், மாரிக்கனி வீங்கிய காலோடு வந்தாள். அத்தனை பேரும் முகத்தைச் சுளித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, இடது குதிகாலைத் தூக்கிக்கொண்டு, நொண்டி நொண்டி, ஒரே தாளத்தில் வந்தார்கள். இத்தனை ஒழுங்கான ஊர்வலத்தை இந்த மாவட்டத்தில் யாரும் நடத்தியதில்லை. அது என் நோயின் ஊர்வலம்.

“ஏய் பெருசு, வழிய விடும்!”

“நோட்டீஸுக்காரரே, ஒதுங்கும்வே! காலடி வருதுல்லா!”

நான் படுத்தேன். ஜீப்புக்கு முன்னால் எப்படிப் படுத்தேனோ அப்படியே, கையைக் காலை விரித்து, கோட்டுக்குக் குறுக்கே மல்லாந்து படுத்தேன். காலடிகள் வந்தன. மண் சிறு சிறு பள்ளமாக அமுங்குவதைத் தரையோடு தலை வைத்துப் பார்த்தேன். வலது முழுதாக, இடது பாதியாக. வலது முழுதாக, இடது பாதியாக. என்னிடம் வந்ததும் அவை நிற்கவில்லை. இடது முன்பாதம் என் மார்பில் ஏறியது. சட்டையில் செம்மண்ணால் ஐந்து விரல் பதிந்தது. கனம் இருந்தது, என் கனம்தான், எனக்குத் தெரியாதா?

“போதும்,” என்றேன். கேட்டில் பேசுகிற குரலில் அல்ல. பக்கத்தில் படுத்திருப்பவனிடம் பேசுகிற குரலில். “இதுக்கு மேல ஒரு அடி எடுக்கக் கூடாது. இன்னையிலிருந்து நாம வேலைநிறுத்தம்.”

 பிறகு அந்த இடது பாதம், இத்தனை நாள் தூக்கியே வைத்திருந்த குதிகாலை, மெதுவாக என் மார்பின்மேல் இறக்கியது. என் காலில் உயிர் போகிற வலி வந்து, போயிற்று. மார்பிலிருந்து கனம் இறங்கியது; தலையைத் தூக்கிப் பார்த்தபோது என் உள்ளங்கால்களுக்கு எதிரே மண்ணில் இரண்டு பாதத் தடங்கள், வேலை முடிந்து வந்து நிற்கும் ஆளைப் போல, பக்கம் பக்கமாக நின்றிருந்தன. அதற்குப் பிறகு புதிய தடம் எதுவும் விழவில்லை.

கூட்டம் நின்றது. காத்திருந்தது. “கெடுத்துட்டீரே அண்ணாச்சி, நல்லா இருந்த ஊரக் கெடுத்துட்டீரே,” என்று தனுஷ்கோடி சொன்னபோது அவர் குரலில் கோபத்தைவிட அழுகைதான் இருந்தது. பிறகு ஒவ்வொருவராகப் போய் அவரவர் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார்கள். யாரும் என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் ஒரு மரியாதை இருந்திருக்கும்.

மாரிக்கனி மட்டும் நின்று கை கொடுத்துத் தூக்கினாள். நான் எழுந்து நின்ற இடத்தில் என் காலடி பதிந்திருந்ததைக் குனிந்து பார்த்தாள்.

“ஒங்க காலுதானா அது? முன்னமே சொல்லியிருக்கலாம்லா அண்ணாச்சி.”

“நோட்டீஸ்ல போட்டிருந்தேனே.”

“அதுல நான் இடியாப்பம்லா பொதிஞ்சேன்,” என்றாள். “நல்ல தடி பேப்பரு.”

அன்று மாலையே பிரிசில்லாவின் காகிதத்தில் என் பாதம் ஈரமாகப் பதிந்தது, நடுவில் வளைவு அதிகமில்லாமல், ஏறக்குறைய முழுதாக. தட்டைப் பாதம் என்றாள். அதற்குப் பிறகு ஓய்வு. ஓய்வு என்றால் சும்மா கிடப்பது என்று நினைத்தவன் நான். வேலைநிறுத்தத்திலும் வேலை இருக்கிறது என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கட்டிலைவிட்டு இறங்கும் முன் துண்டைப் பாதத்தில் மாட்டி என் பக்கம் இழுத்தேன், உறைய வைத்த தண்ணீர் பாட்டிலைப் பாதத்துக்கு அடியில் உருட்டினேன், சுவரில் கையூன்றிக் கெண்டைக்காலை நீட்டினேன், படி விளிம்பில் நின்று குதிகாலை இறக்கி ஏற்றினேன். விடியும்போது கிழக்குச் சுவருக்கு அப்பால் ஒரு சத்தமும் இல்லை. காலடி நின்ற வாரத்திலேயே மைதானம் காலியாகிவிட்டது. ஊர் அதையும் பழகிக்கொண்டது.

நடந்தால் வலிக்கவில்லை என்று ஆன பிறகு, காகிதத்தைச் சுருட்டிக்கொண்டு பஜாரில் மைதீன் பாய் கடைக்குப் போனேன், சாயங்காலமாக. பகலெல்லாம் நடந்து பாதம் கொஞ்சம் விரிந்திருக்கும்போதுதான் வாங்க வேண்டும் என்று பிரிசில்லா சொல்லியிருந்தாள்.

“வாங்க அண்ணாச்சி. எப்பவும் நோட்டீஸ்லா கொண்டு வருவீய, இன்னைக்குக் காலக் கொண்டாந்திருக்கீய?” என்று பாய் காகிதத்தை விரித்துப் பார்த்தார். “ஒங்களுக்குன்னே செவப்புல ஒண்ணு வந்திருக்கு.”

சிவப்பு அழகாகத்தான் இருந்தது. கொடியின் சிவப்பு. போட்டுப் பார்த்தேன், பெருவிரல் நுனியில் முட்டியது. கட்டைவிரல் அகலத்துக்கு முன்னால் இடம் வேண்டும், பின்பக்கம் குதிகாலை இறுக்கிப் பிடிக்க வேண்டும், மடக்கினால் நடுவில் மடங்காமல் விரல் மடங்குகிற இடத்தில் மடங்க வேண்டும், தட்டைப் பாதத்துக்கு உள்பக்கம் தாங்கல் வேண்டும். அத்தனையும் சரியாக இருந்தது ஒரே ஒரு ஜோடி, கிளிப்பச்சை.

“பச்சையா?” என்றார் பாய். “கட்சி மாறிட்டீயன்னு சொல்லப் போறானுவ.”

“சொல்ல ஆளு இருக்கா பாய்?”

“போட்டுக்கிட்டு ஓடிப் பாருங்க,” என்று அவர் கடைக்கு வெளியே கையைக் காட்டினார். பஜாரில், தெருவிளக்கு வரைக்கும் ஓடிப் பார்த்துவிட்டு வந்து, பச்சையையே வாங்கினேன்.

மறுநாள் சங்கு ஊதியிருக்க வேண்டிய நேரத்தில் மைதானத்துக்குப் போனேன். வாசலில் ஒற்றைச் செருப்பு ஒன்று, யாரோ விட்டுப்போனது, மண் மூடிக் கிடந்தது. சுண்ணாம்புக் கோடு மங்கியிருந்தது. எதிரே வந்த மாரிக்கனி சைக்கிள் மணியை ஒருமுறை அடித்துவிட்டுப் போனாள், இரண்டு காலாலும் மிதித்தபடி. கொஞ்சம் நடந்தேன், கொஞ்சம் ஓடினேன், பிரிசில்லா சொன்னபடி. மேற்கு வளைவு வந்ததும் என் ஒழுங்கை மீறித் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. என் தடம் மட்டும் செம்மண்ணில் வந்துகொண்டிருந்தது, ஷூவின் வரிவரியான அச்சோடு, இடது குதிகாலும் வலது குதிகாலும் முழுதாக.

ஒரு சுற்று முடிந்தது. இரண்டாவது சுற்றைத் தொடங்கியபோது எனக்கு முன்னால், இப்போதுதான் ஓடிப் போனவனுடையதைப் போல, வரிவரியான என் காலடிகள் இருந்தன. நான் முழக்கத்தைச் சொன்னேன், மெதுவாக. பதில் முழக்கத்துக்குக் காத்து நிற்காமல், மிதிக்காமல், முந்தாமல், ஊர் வகுத்த விதிப்படியே, ஓரமாக அவற்றின் பின்னால் ஓடினேன்.